எஃப் எட்டு ஏன் காலியாக இருக்கிறது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே,

போன வாரம் உங்களில் ஒரு பிள்ளை எனக்கு மெயில் போட்டிருந்தது. "ஐயா, நம்ம மெயில் புரோகிராமில் ஒவ்வொரு பட்டனிலும் அதற்கான கீ எழுதியிருக்கிறது. ஏழு இருக்கிறது, ஒன்பது இருக்கிறது, எஃப் எட்டை மட்டும் காணோம். விட்டுப்போச்சா? நான் அதில் ஏதாவது ஒரு வேலையைச் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருந்தது.

நல்ல கேள்வி தாயீ. கேட்காமல் சேர்த்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்த இடம் வேண்டுமென்றே விட்டது. விடச் சொன்னது ஒரு பொம்பளைப் பிள்ளை. அவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. நானும்தான் படித்தவன் இல்லை.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கடிதம் டைப் அடிக்கப் போனவன் நான். அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், அதைத் தொட்டுத் தொட்டே தொழிலைக் கற்றுக்கொண்டேன். புத்தகம் இங்கிலீஷில் இருக்கும். பாதி புரியும். மீதியை மிஷினிடமே கேட்டுக்கொள்வேன். மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏலே, கிணத்துல விழுந்தவன் நீச்சல் புத்தகம் தேடுவானா? கையக் கால உதறு" என்பார். உதறி உதறித்தான் மேலே வந்தேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் மண்டி வேலையை விட்டுவிட்டு, நாலைந்து கம்பெனிகளுக்கு மெயில் பார்க்கிற புரோகிராம் எழுதிக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ். வடக்கே இருக்கிற வியாபாரிகள் ஆர்டரை மெயிலில் போடுவார்கள். டெலிபோன் லைனில் இணைத்து மெயிலை இறக்கிவிட்டு, லைனைத் துண்டித்துவிட வேண்டும். ஆர்டரைப் படித்துப் பார்த்து "லோடு" என்று ஒரு பட்டனை அமுக்கினால், அந்த மெயில் லிஸ்ட்டிலிருந்து போய்விடும். குடோனில் இருக்கும் பிரிண்டரில் லோடு சீட்டு விழும். சீட்டு விழுந்தால்தான் லாரியில் சரக்கு ஏறும்.

அந்த ஆபீஸின் மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கெட்டவர் இல்லை. ஆனால் சீசன் நேரத்தில் அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டால் சரவெடிக்கே கூச்சம் வரும். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மெயில் பார்க்க ஒரு ஆளை உட்காரவைத்திருப்பதாகவும் அவளுக்குப் பழக்கிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அப்படித்தான் தங்கமாரியைப் பார்த்தேன். தாயில்பட்டிக்காரி. இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். பிளஸ் டூவும் டைப்பிங் லோயரும் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் அதே கம்பெனியின் ஃபேக்டரியில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தப் போனவள். ஒரு விபத்தில் வலது கை வெந்து, நடு மூன்று விரல்களும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையால் எதையும் பிடிக்க முடியாது. முதலாளி வீட்டில் இரக்கப்பட்டு இந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார்கள். அண்ணாச்சி அவள் எதிரிலேயே என்னிடம் சொன்னார்.

"இந்த சீசன் பார்ப்போம் தம்பி. வேலை ஓடுச்சுன்னா இருக்கட்டும். ஓடலேன்னா பாக்கெட் ஒட்டுற ஹாலுக்கு அனுப்பிருவேன்."

பாக்கெட் ஒட்ட இரண்டு கை வேண்டும். ஒட்டுகிற எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தக் கையோடு அங்கே போவதும் வீட்டுக்குப் போவதும் ஒன்றுதான். அது அண்ணாச்சிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பழக்கிக் குடுங்க சார், பாத்துக்கிருவோம்" என்றாள்.

என் புரோகிராமில் எல்லாமே மவுஸ். இரண்டு கை இருக்கிறவன் எழுதியது அது. இடது கையால் டைப் அடித்து, அதே கையால் மவுஸைத் தேடிப் பிடித்து, பட்டனை அமுக்கி, மறுபடியும் அந்தக் கையைக் கீபோர்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மெயிலுக்கு நாலு தடவை அந்தக் கை போய்ப் போய் வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

ஏதோ ஒன்றைச் சரிபார்க்க நான் குனிந்து எஃப் எட்டைத் தட்டினேன். ஒரு மெயில் லோடுக்குப் போனது.

"சார், இப்ப என்ன அமுக்கினீக?"

"அது ஒண்ணுமில்லம்மா. ஷார்ட்கட். நான் சோதனை பண்றதுக்கு வச்சிருக்கேன்."

"மவுஸைத் தொடாமலே போயிருச்சே! இது மாதிரி வேற இருக்கா?"

"ஒரு பன்னெண்டு இருக்கும்."

"அப்புறம் ஏன் சார் மறைச்சு வச்சிருக்கீக?"

"மறைக்கல. காட்டல, அம்புட்டுதான்."

"இருட்டுல கெடக்குறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான சார்" என்றாள்.

மனுசர் சொல்வதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. இது மட்டும் பிடிக்காமலேயே ஒட்டிக்கொண்டது. தெரிந்தவனுக்குத்தான் ஷார்ட்கட், தெரியாதவன் மவுஸைப் பிடிக்கட்டும் என்று நான் நினைத்திருந்தேன். யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவளுக்கு அது இருப்பதே தெரியவில்லை.

"பட்டன்லயே எழுதிருங்க சார். நான் பாத்துக்கிருவேன்" என்றாள். எழுதியிருக்கலாம். ஒரு நாள் வேலை. ஆனால் அண்ணாச்சி தலையை ஆட்டினார். "ஸ்கிரீன் சுத்தமா இருக்கணும் தம்பி. நம்ம லேபிளப் பாரு, ஒரு எழுத்து கூடுனாலும் கண்ண உறுத்தும். வேணும்னா சார்ட் அடிச்சுருவோம்."

சிவகாசியில் எந்தக் கஷ்டத்துக்கும் முதல் வைத்தியம் அச்சடிப்பதுதானே. பக்கத்து பிரஸ்ஸில் நாலு கலரில் அடித்துக் கொடுத்தார்கள். மேலே பிள்ளையார், ஓரம் பூராவும் புஸ்வாணம், நடுவில் பன்னிரண்டு கீயும் அதன் வேலையும். லேமினேஷன் வேறு. பார்க்க அப்படி ஒரு லட்சணம். குடோன் ஆட்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான்.

அவளுக்கு எதிர்ச் சுவரில் முதலாளியின் அப்பா படம் இருந்தது. அதை எடுக்க முடியாது. அதனால் சார்ட்டை அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டினார்கள்.

"கழுத்து திரும்பி வாரதுக்குள்ள கை மறந்துருது சார்" என்றாள் ஒரு வாரம் கழித்து.

"மனப்பாடம் பண்ணிரும்மா."

அதையும் பண்ணினாள். கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் ஒப்பித்துக்கொண்டே வருவாளாம். கூட வருகிற பெண்கள், "என்னடி, இருக்கன்குடி ஆத்தாளுக்கு மந்திரமா?" என்று கேலி பண்ணுவார்களாம். ஆடி முடிவதற்குள் அந்த இடது கை பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மவுஸ் மேல் தூசி படிந்தது. அண்ணாச்சியே ஒரு நாள், "பரவாயில்லையே, ஒத்தக் கையில ரெண்டு ஆளு வேல ஓடுது" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதற்கு மழை பெய்ய வேண்டும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

ஆவணியில், லோடு ஏறத் தொடங்கிய சமயம். என்னை வளர்த்த பழைய பருப்பு மண்டியிலும் அதே புரோகிராம்தான் ஓடியது. அங்கே இருந்தவர், "எஃப் எட்டுல மெயிலை நீக்குற மாதிரி வையுங்க, எங்களுக்கு அதுதான் பழக்கம், 'நிச்சயமா நீக்கவா'ன்னு கேக்குற பெட்டியையும் எடுத்துருங்க, எரிச்சலா இருக்கு" என்றார். சரியென்று எட்டில் நீக்குவதை வைத்தேன். லோடை ஒன்பதுக்கு நகர்த்தினேன். கேட்கிற பெட்டியை எடுத்தேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிப் புரோகிராம் வைத்துக்கொள்ளச் சோம்பல். சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் அடைக்கிற நேரத்தில் சிவகாசிக்கும் போய் அதையே ஏற்றிவிட்டு வந்தேன். தங்கமாரி அப்போதே பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். திங்கட்கிழமை போன் பண்ணிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை எனக்கு முன்னால் அண்ணாச்சி போன் பண்ணிவிட்டார்.

"ஏம்ப்பா, என்ன புரோகிராம் வச்சிருக்க? காலைல இருந்து குடோன்ல ஒரு சீட்டு விழல. லாரிக்காரன் பன்னெண்டு மணிக்குக் கெளம்புவேங்குறான். இவன விட்டா இந்த வாரம் வடக்க போற லாரி கெடையாது. மெயிலு அம்புட்டும் போச்சு. லிஸ்ட்டுல ஒண்ணு இல்ல. இந்தப் பிள்ள என்னத்தையோ அமுக்கித் தொலைச்சுட்டா."

நீக்கிய மெயில் குப்பைக் கூடையில் கிடக்கும். ஆனால் புரோகிராமை மூடினால் கூடை தானாகக் காலியாகும்படி நானே எழுதிவைத்திருந்தேன். இறக்கிய மெயிலுக்கு வேறு நகல் எங்கேயும் கிடையாது.

"மூடித் தெறந்தீகளா அண்ணாச்சி?"

"மூடச் சொன்னேன். மூட மாட்டேங்குறா! நாற்காலிய விட்டும் எந்திரிக்க மாட்டேங்குறா. யாரையும் பக்கத்துல விட மாட்டேங்குறா. நீ வந்து என்னன்னு கேளு."

வண்டியை எடுத்தேன். திருத்தங்கல் கேட்டில் நின்றபோது அந்த ரயிலை நான் திட்டாத திட்டில்லை.

போய்ப் பார்த்தால், தங்கமாரி நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிப்போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஆபீஸே நின்றது. ஒவ்வொருவரும் ஒரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிளக்கைப் பிடுங்கி மாட்டச் சொன்னார்.

"நீங்க வாரவரைக்கும் ஒண்ணும் தொடல சார். தொடவும் விடல" என்றாள். கை அசையவில்லை.

"மூடக் கூடாதுன்னு ஒனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. மருந்து ரூம்புல ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா மொதல்ல கைய எடுத்துரணும், வெளிய வந்துரணும்னு சொல்லிக் குடுத்துருந்தாக. நான் அன்னைக்கு எடுக்கல. நம்மளே சரி பண்ணிருவோம்னு தொட்டேன். அதுல போனதுதான் சார் இந்தக் கை."

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி சரி, கை தவறி எதையோ அமுக்கிட்டா, அப்படித்தான தம்பி?" என்று என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வரும் வழியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் தினமும் அமுக்குகிற எட்டைத்தான் அமுக்கியிருக்கிறாள். லோடுக்குப் போனாலும் மெயில் லிஸ்ட்டிலிருந்து மறையும், நீக்கினாலும் மறையும். அவளுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. இதை ஒரே வரியில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மொதல்ல மெயில எடுப்போம் அண்ணாச்சி" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அண்ணாச்சி கேட்டதற்குப் பதிலும் இல்லை. அந்த ஆபீஸ் போனால் என் வருமானத்தில் பாதி போகும் என்று உள்ளுக்குள் ஒருத்தன் சொன்னான், நானும் கேட்டேன்.

கூடையைத் திறந்தேன். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து வந்திருந்த கண்ட கண்ட விளம்பர மெயிலோடு ஆர்டர்களும் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. "இது பாட்னாக்காரரு, எடுங்க. இது குப்பை. இது இந்தூரு, அவரு தலைப்பே போட மாட்டாரு, எடுங்க" என்று சொல்லச் சொல்ல நான் எடுத்தேன். என் வேகம் அவளுக்குப் பற்றவில்லை. "நகருங்க சார், எந்தக் கீன்னு மட்டும் சொல்லுங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்தாள். லோடுக்கு ஒன்பது என்றேன். ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். இடது கை ஓட ஆரம்பித்தது. குடோனிலிருந்து, "விழுது, சீட்டு விழுது!" என்று சத்தம் வந்தது. பன்னிரண்டு அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசிச் சீட்டும் விழுந்தது. லாரி போனது.

அண்ணாச்சி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சத்தம் போடாமல்தான் சொன்னார். "ஏத்தா, தப்பா நெனைக்காத. இன்னைக்குத் தப்பிச்சோம். சீசன்ல இன்னொரு தடவை தாங்காது. நாளைலருந்து ஹாலுக்குப் போயிரு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய், பின்சுவரில் இருந்த சார்ட்டை ஆணியிலிருந்து கழற்றி என் முன்னால் மேசையில் வைத்தாள்.

"எட்டுக்கு நேரா என்ன போட்டிருக்கு? வாசிங்க சார்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன்.

"ஆத்தா மேல சத்தியமா எட்டத்தான் அமுக்கினேன். நீங்க இப்ப ஒம்போதுன்னு சொன்னீக. வாசிங்க."

"லோடு" என்று வாசித்தேன். பிள்ளையாருக்குக் கீழே, புஸ்வாணத்துக்கு நடுவே, நாலு கலரில் மின்னியது அந்தப் பொய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அடித்த ஏடு கறியையே கெடுத்துவிட்டது.

அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "இந்தப் பிள்ள மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. சனிக்கிழமை நாந்தான் கீய மாத்துனேன். யார்ட்டயும் சொல்லல. காலைல இவ மூடியிருந்தா ஒரு மெயிலு மிஞ்சியிருக்காது. அதுவும் நான் எழுதுன கோளாறுதான். இன்னைக்கு லாரி போனது இவளால."

"இத வந்தவொடனே சொல்றதுக்கு என்ன?"

"பயம்."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு சொல்வாக. ஒரு பிள்ள கண்ணாடியத் தூக்கிட்டு வந்து ஒன் மூஞ்சிக்கு நேரா காட்ட வேண்டியிருக்கு" என்றார். "ஒன் புரோகிராமே வேண்டாம், தூக்கிட்டுப் போ."

"தூக்கிக்கிறேன் அண்ணாச்சி. ஆனா இந்தப் பிள்ள வேலை போகக் கூடாது. மூணு நாள் குடுங்க. சரி பண்ணிக் கொண்டாரேன். அதுக்கப்புறமும் தப்பு வந்தா நாங்க ரெண்டு பேருமே போறோம்."

"நீங்க போறதுன்னா போங்க சார், என்னைய ஏன் சேக்குறீக?" என்றாள் தங்கமாரி. அண்ணாச்சிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மனுசனால் பழைய கோபத்துக்குத் திரும்ப முடிவதில்லை. மூன்று நாள் கிடைத்தது.

அந்த மூன்று நாளில் நான் எழுதியதைத்தான் இன்றும் நீங்கள் பார்க்கிறீர்கள். ஒவ்வொரு பட்டனிலும், வேலையின் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் கீ. அதைவிட முக்கியமானது கண்ணுக்குத் தெரியாது. பட்டனில் எழுதியிருக்கும் கீயை யாரும் கையால் எழுதுவதில்லை. எந்தப் பட்டியலைப் பார்த்துப் புரோகிராம் வேலை செய்கிறதோ, அதே பட்டியலிலிருந்துதான் ஸ்கிரீனும் எழுத்தை எடுத்துக்கொள்கிறது. கீயை மாற்றினால் எழுத்தும் அந்த நிமிஷமே மாறும். காட்டுவது ஒன்று, செய்வது ஒன்று என்று ஆகவே முடியாது. பல தடவை இந்தப் புரோகிராமைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். நல்லவேளை, இதில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள். கேட்கிற பெட்டியும் அன்று திரும்பி வந்தது. மூடினால் கூடை காலியாகிற புத்திசாலித்தனம் ஒழிந்தது.

வியாழக்கிழமை கொண்டுபோய் ஏற்றினேன். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "பலசரக்குக் கடை மாதிரி இருக்கு" என்று முகம் சுளித்தார்.

"பலசரக்குக் கடையிலதான் அண்ணாச்சி எது எங்க இருக்குன்னு தெரியும்" என்றாள் அவள்.

பிறகு ஸ்கிரீனை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். ஏழில் இருந்த வேலையை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, இந்த முறை நீக்குவதை அங்கே வைத்திருந்தேன். எட்டில் லோடு, பழையபடி.

"சார், ஏழும் எட்டும் ஒட்டி ஒட்டி இருக்கு. நீக்குறதும் லோடும் பக்கத்துப் பக்கத்துலயா?"

"அதான் எழுதியிருக்கேம்மா."

"எழுதுனா ஆச்சா? மருந்து ரூம்பையும் அடுத்த ரூம்பையும் ஒட்டியா கட்டுவாக? நடுவுல வெறும் எடம் விடுவாகல்ல. ஒண்ணுல தீ புடிச்சா மத்தது தப்பிக்கணும்னு. அந்த எடத்துல ஒரு சாக்குகூடப் போட விட மாட்டாக. லோட ஒம்போதுலயே வையுங்க. எட்டச் சும்மா விட்டுருங்க."

"நீ மனப்பாடம் பண்ணுனது எட்டாச்சே?"

"இனி எதுக்கு மனப்பாடம்? அதான் கண்ணு முன்னால எழுதியிருக்குல்ல."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். சார்ட்டை என்ன செய்வது என்று அண்ணாச்சி கேட்டார். அவள் அதைத் திருப்பி, மவுஸ் மேல் மூடிவைத்தாள்.

அந்த சீசன் முடிந்தது. அடுத்த சீசனும் முடிந்தது. ஹாலுக்குப் போகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. என் புரோகிராம் ஓடிய மற்ற கம்பெனிகளில் புதிதாக உட்காருகிறவர்களுக்குப் பழக்கிவிட, நான் கேட்டபோதெல்லாம் அண்ணாச்சி அவளைத்தான் அனுப்பினார். அவள் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டேன். "தப்பாத் தெரிஞ்சா கைய எடு. அப்புறம் ஆளக் கூப்புடு."

ஆகவே, கேட்ட பிள்ளைக்கு என் பதில். உனக்குத் தோன்றிய வேலை நல்ல வேலையாகவே இருக்கலாம். அதற்கு வேறு ஏதாவது கீ பார்த்துக்கொள். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு சாக்குகூடப் போடாதே.